பெயின்ட் சுரண்டிய இடம்

என்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினால் ஓர் இடம் விரலில் அகப்படும். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக, பெயின்ட் எல்லாம் சுரண்டப்பட்டு, வெறும் தகடாக இருக்கும். நடுவில் ஒரு திருகாணி. சுற்றிலும் நான் ஆசை ஆசையாக அடித்த பச்சை பெயின்ட் பளபளக்க, இந்த ஓர் இடம் மட்டும் சொறி பிடித்த மாதிரி கிடக்கும். வண்டியைக் கிளப்புவதற்கு முன் இந்த இடத்தை ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவேன். "சாமி கும்பிட்டாச்சா, கெளம்பலாமா?" என்று என் மனைவி கேட்பாள். அவள் கேலிக்குக் கேட்கிறாள். எனக்கு அது கேலி இல்லை. அந்த இடத்தைச் சுரண்டியவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். விருதுநகர்க்காரர்கள் கார் வாங்கினால் ஏழு பேர் நெருக்கி உட்கார்ந்து, டிக்கியில் நாலு மூட்டையும் போடுகிற மாதிரி பார்த்து வாங்குவார்கள். நான் வாங்கியது இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடக்கூடிய, என்னைவிட வயதில் மூத்த ஒரு சிவப்பு வெளிநாட்டு வண்டி. கொடைக்கானலில் ஓர் எஸ்டேட்காரர் வீட்டுக் கொட்டகையில் அதன் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பட்டாசுக் கம்பெனியை என்னோடு சேர்ந்து நடத்தும் என் அண்ணன் ஒரே வார்த்தையில் "கிறுக்கு" என்று முடித்துக்கொண்டார். மனைவி அதற்குச் 'சக்களத்தி' என்று பெயர் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரியாபட்டி வரைக்கும் காற்று முகத்தில் அடிக்கப் போய்விட்டுத் திரும்பினால் அந்த வாரம் முழுக்க எனக்குப் போதும்.

இது நடந்து ஆறு வருடம் இருக்கும். அந்த வருடம் மாசி பிறந்ததிலிருந்து வண்டி என்னைப் பாடாய்ப் படுத்தியது. வீட்டைவிட்டுக் கிளம்பிக் கால்மணி நேரம் ஆனதும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவைத் தாண்டும். இன்னும் கொஞ்ச தூரத்தில் சிவப்பில் போய் நிற்கும். ஓரமாக நிறுத்தி, அரைமணி நேரம் காத்திருந்து, திரும்பக் கிளப்பினால் திரும்பவும் அதே கதைதான். உள்ளூர் மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வை மாற்றினார். "வெயில் அப்பிடி அண்ணாச்சி, மனுசனுக்கே தாங்கல" என்றார். மதுரையில் ஒருவர் தண்ணீர் பம்பை மாற்றினார், ஃபேன் பெல்ட்டை மாற்றினார், முள் மட்டும் மாறவில்லை. கடைசியாக அவர் எஞ்சின் தலையைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். திறந்தால் உள்ளே போடுகிற சாமான் இந்த நாட்டில் கிடைக்காது, கிடைத்தாலும் பழைய இரும்பு, மூடும்போது விரிசல் விட்டால் வண்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சேர்த்துச் சொன்னார். நான் சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இத்தனை நாளில் ஒரு தடவைகூடத் தண்ணீர் கொதித்துச் சிந்தியதில்லை. ஆவி வந்ததில்லை. அது எங்கள் யாருக்கும் உறைக்கவே இல்லை. வண்டியில் எனக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் அது பெட்ரோல் குடிக்காததுதான். "பாத்தியா, ஓடுது ஓடுது, முள்ளு எறங்கவே மாட்டேங்குது" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது போர்மேனம்மாவுக்கு வருகிறேன். பட்டாசு ஆலையில் போர்மேன் என்பவர் பரீட்சை எழுதித் தேறியவராக இருக்க வேண்டும். எந்த ஷெட்டில் எத்தனை பேர், எவ்வளவு வெடிமருந்து, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் ஆலையில் அந்த வேலையில் இருந்தவர் ஒரு பெண். மல்லாங்கிணற்றுப் பக்கம் அடுத்தவர் காட்டில் களையெடுத்த குடும்பம். திரி வெட்டும் வேலைக்கு வந்து, பிறகு மருந்துக்கு மாறி, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் படித்துப் பரீட்சை எழுதியவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. அந்தக் குரலில் அவர் ஒரு தடவை சொன்னால் நூற்றிருபது பேர் கேட்பார்கள். ஆலைக்குள் எல்லோரும் அவரைப் போர்மேனம்மா என்றே கூப்பிட்டோம், நான் உட்பட.

ஒவ்வொரு ஷெட் வாசலிலும் ஒரு செப்புத் தகடு பதித்திருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்கும். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, அந்தத் தகட்டில் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைக்க வேண்டும். நடந்து வந்ததில், துணி உரசியதில், உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் விரல்நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும், ஷெட் இருக்காது. எர்த் என்று சொல்வோம். அதற்கு முந்தின வருடம் ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று நான் ஆலை முழுக்க வெள்ளையடித்துப் பச்சை பெயின்ட் பூசச் சொன்னேன். கதவுக்குப் பச்சை, ஜன்னலுக்குப் பச்சை, பெயின்டர் ஓர் உற்சாகத்தில் பதினாலு ஷெட்டின் செப்புத் தகடுகளுக்கும் பச்சை. எனக்குப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் போர்மேனம்மா ஒரு ஆளையும் உள்ளே விடாமல் வாசலில் நிறுத்திவைத்து, உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பதினாலு தகடுகளையும் அவரே உட்கார்ந்து சுரண்டினார். பத்து மணிவரைக்கும் வேலை தொடங்கவில்லை. "பெயின்ட் அடிச்சா எர்த் செத்துரும் மொதலாளி" என்றார். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வேலை முடிகிற நேரத்தில் கேட்டிலிருந்து ஷெட் ஷெட்டாக நடந்து, வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பார். வாய்க்குள் எண்ணுவார். ஒவ்வொருவராக வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போக, கடைசி ஜோடி போகிறவரைக்கும் இடத்தைவிட்டு நகர மாட்டார். காரணம் எனக்கு வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். கல்யாணமான புதிதில் அவரும் அவர் தங்கையும் வேறோர் ஆலையில் வேலை பார்த்தார்கள். அந்த ஆலை இப்போது இல்லை. ஒரு நாள் மதியம் அங்கே ஒரு ஷெட் வெடித்தது. புகையெல்லாம் அடங்கி, பிழைத்தவர்கள் எல்லோரும் அவரவர் செருப்பை எடுத்துக்கொண்டு போன பிறகு, ஒரு ஜோடி மட்டும் மிஞ்சிக் கிடந்ததாம். தங்கையுடையது. அவர் என்னிடம் இதை ஒரு நாளும் பேசியதில்லை.

அந்த வருடம் பங்குனியிலேயே வெயில் சித்திரை மாதிரி கொளுத்தியது. போர்மேனம்மா ஒரே வாரத்தில் மூன்று நாள் பதினோரு மணிக்கெல்லாம் மணியடித்து மருந்து வேலையை நிறுத்திவிட்டார். ஷெட்டுக்குள் சூடு அதிகம், காற்று காய்ந்து கிடக்கிறது என்பது அவர் கட்சி. வடக்கே ஒரு பெரிய மொத்த வியாபாரி, கல்யாண சீசனுக்கு இரண்டு லோடு கேட்டுத் தினமும் போனில் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணனை ஒரு மணிநேரம் காய்ச்சுவார், பிறகு என்னைக் காய்ச்சுவார். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "ஏலே, அந்தம்மாவ வச்சுக்கிட்டு நாம கம்பெனி நடத்துறமா, அந்தம்மா நம்மள வச்சுக்கிட்டு நடத்துதா?" என்று சத்தம் போட்டார். எனக்கும் சூடேறித்தான் இருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். வருகிற திங்கட்கிழமையிலிருந்து அவர் பேக்கிங்குக்குப் போக வேண்டும், போர்மேன் வேலைக்கு வேறு ஆள். கடிதம் டைப் ஆனது. அண்ணன் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். அதை நேரில் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

அன்றைக்கு என் வழக்கமான கார் சர்வீஸில் இருந்தது. வேறு வழியில்லாமல் சக்களத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சட்டைப் பையில் கடிதம். ஆலைக்குப் பாதி தூரம் போவதற்குள் முள் சிவப்புக்குப் போய்விட்டது. திரும்பினாலும் அதே தூரம், போனாலும் அதே தூரம் என்று கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு ஓட்டி, ஆலை கேட்டுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினேன். நான் எவ்வளவு பெரிய மடத்தனம் செய்தேன் என்பது வாட்ச்மேன் ஓடிய ஓட்டத்தில் தெரிந்தது. இரண்டு நிமிடத்தில் போர்மேனம்மா வெளியே வந்துவிட்டார், வெறுங்காலோடு.

"வண்டிய ஆப் பண்ணுங்க மொதலாளி. சூடான வண்டிய கேட்டுக்கிட்ட நிறுத்துவாகளா? எம்புட்டு சூடு?"

"முள்ளு செவப்புல நிக்குதும்மா."

"முள்ளு நிக்கிறது இருக்கட்டும். வண்டி எம்புட்டு சூடு?"

இந்த இரண்டும் வேறு வேறு கேள்வி என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு மாதமாக நானும் இரண்டு மெக்கானிக்குகளும் அந்த ஒரு முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் எஞ்சினையே கழற்றத் துணிந்திருந்தோம். எஞ்சினை யாரும் கேட்கவில்லை.

வாட்ச்மேனும் நானும் தள்ள, வண்டி ரோட்டைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போனது. போர்மேனம்மா எஞ்சின் மூடியைத் தூக்கச் சொன்னார். ரேடியேட்டர் மூடிப் பக்கம் என் கை போனதைப் பார்த்து, "அதத் தொடாதீக" என்றார். பக்கத்தில் போகாமல் தள்ளி நின்றே முகர்ந்து பார்த்தார். பிறகு வாட்ச்மேனை அனுப்பித் தன் அறையிலிருந்து அந்தத் துப்பாக்கியை எடுத்துவரச் சொன்னார். துப்பாக்கி என்றால் தெர்மாமீட்டர்தான். விசையை அழுத்தினால் தள்ளி நின்றபடியே ஒரு பொருளின் சூட்டை எண்ணில் காட்டும். பட்டாசு காயவைக்கும் மேடையின் சூட்டைப் பார்ப்பதற்கென்று எங்களை நச்சரித்து வாங்க வைத்திருந்தார். என்னிடம் எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியே வரும் இடம் எது என்று கேட்டு, அதற்குக் குறிவைத்தார். எண்பத்தாறு. கொஞ்சம் தள்ளி எண்பத்து நாலு. மறுபடி முதல் இடம், எண்பத்தாறு. நாலைந்து தடவை பார்த்தார். ஒரு தடவை பார்த்ததை அவர் ஒரு நாளும் நம்பியதில்லை.

"உலையில கொதிக்கிற தண்ணியே நூறு. இது அம்புட்டுகூட இல்ல. ஆவி எங்கன? வாடை எங்கன? வண்டி நல்லாத்தான இருக்கு மொதலாளி" என்றார்.

பிறகு ஓட்டுநர் பக்கம் வந்து குனிந்து பார்த்தார். சாவியைத் திருப்பச் சொன்னார். சூட்டு முள் மெதுவாக ஊர்ந்து சிவப்புக்குப் போனது. அதன் பக்கத்திலிருந்த முள்ளைக் காட்டி அது என்ன என்று கேட்டார். பெட்ரோல் என்றேன். எவ்வளவு காட்டுகிறது என்றார். முக்காலுக்கு மேலே என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"எப்பப் போட்டீக?"

"ஒம்பது நாளாச்சு. அரை டேங்க் இருக்கும்."

"அரை டேங்க் போட்டு, ஒம்பது நாளு ஓட்டி, இப்ப முக்கா டேங்க் இருக்கா?" என்றார். என் முகத்தையே பார்த்தார். "சூடு கூடுனா பெட்ரோலும் கூடுமா மொதலாளி?"

வாட்ச்மேன் சிரித்துவிட்டு, சிரித்ததை இருமலாக மாற்றிக்கொண்டார். எனக்கு ரோட்டோரத்தில் நின்றபடியே காது சூடானது. இத்தனை நாள் பீற்றிக்கொண்ட பெட்ரோல் கண்முன்னால் ஆவியாகிப் போயிற்று. அவர் மட்டும் சிரிக்கவில்லை. மருந்து ஷெட்டில் எதையாவது யோசிக்கும்போது புருவத்தைச் சுருக்குவாரே, அப்படிச் சுருக்கிக்கொண்டு நின்றார். கார் ஓட்டத் தெரியாதவர். காரின் முன்சீட்டில் அதுவரை உட்கார்ந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

"ரெண்டு முள்ளும் சேந்து கூட்டிக் காட்டுதுன்னா முள்ளு மேல தப்பு இருக்காது. ரெண்டுக்கும் சோறு போடுற எடம் ஒண்ணு இருக்கும். அது எது?"

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. தீபாவளி முடிந்ததும் டேஷ்போர்டைக் கழற்றியபோது அதன் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டியைப் பார்த்திருந்தேன். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தைக் குறைத்து, அளவாக இரண்டு முள்ளுக்கும் கொடுக்கிற பெட்டி. சொன்னேன்.

"அதுக்கு எர்த் எங்கன?"

"தனியா வயர் கெடையாது. பெட்டிக்கு ஒரு காது இருக்கும், அதுல திருகாணி போட்டு தகட்டுல முடுக்கியிருக்கும். அந்தத் தகடுதான் எர்த்."

"தகட்டுக்குப் பெயின்ட் அடிச்சீகளா?"

ஆலைக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை பெயின்ட் வீணாகப் போகிறதே என்று தகட்டுக்கு இரண்டு கை பூசி, காயவைத்து, மேலே அந்தப் பெட்டியை முடுக்கியது நானேதான். எர்த் இல்லாமல் அந்தப் பெட்டி மின்சாரத்தைக் குறைக்காமலே இரண்டு முள்ளுக்கும் அனுப்பியிருக்கிறது. அதன் பிறகு மூன்று மாதம் வண்டியை உறை போட்டு நிறுத்திவைத்திருந்ததால், மாசியில் வெளியே எடுத்தபோது இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் பதினாலு செப்புத் தகடுகளும் இருந்தன.

முதலில் பேட்டரி வயரைக் கழற்ற வைத்தார். ஆலையில் இரும்பு ஸ்க்ரூடிரைவர் கிடையாது, பொறி வரும் என்று பித்தளையில்தான் வைத்திருப்போம். அதுவும் ஒரு துண்டு உப்புத்தாளும் வந்தன. டேஷ்போர்டுக்கு அடியில் என் தொப்பை நுழையவில்லை. "நகருங்க" என்று சொல்லிவிட்டு அவர் தரையில் முதுகைப் போட்டு உள்ளே கையைவிட்டார். பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சுரண்ட ஆரம்பித்தார். பச்சைப் பொடி அவர் நெற்றியில் உதிர்ந்தது.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "அப்ப உங்க ஷெட்டுல மாட்டியிருக்கிற தெர்மாமீட்டரும் இதே மாதிரி பொய் காட்டலாம்ல?" என்றேன். கடிதத்துக்கு ஒரு முன்னுரையாக இருக்கட்டும் என்ற நினைப்பு.

சுரண்டுவதை நிறுத்தாமலே சொன்னார். "காட்டலாம். அதான் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மாட்டியிருக்கேன். ஒண்ணு கம்பெனி வாங்குனது, ஒண்ணு நான் வாங்குனது. அது ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணும் கெடையாது, வெயிலத் தவிர."

உப்புத்தாளை மடித்துப் புது முனையால் தேய்த்தார். பிறகு அதே குரலில், "பெரிய மொதலாளியும் நீங்களும் ஒரே மாதிரி சத்தம் போடுறீக. ரெண்டு பேருக்கும் ஒரே ஆளுகிட்டருந்துதான போன் வருது?" என்றார்.

வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டேன். படித்தவன், தொழில் நடத்துகிறவன், நாலு பேர் அண்ணாச்சி என்று எழுந்து நிற்கிற ஆள். என் காரையும் என்னையும் இந்தப் பெண் தரையில் படுத்தபடியே பார்த்து முடித்துவிட்டார். நான் அதுவரை அவரை ஒரு கண்டிப்பான வேலைக்காரி என்று மட்டுமே நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு அவரிடம் பயமும் மரியாதையும் ஒன்றாக வந்தன.

பெட்டியைத் திரும்ப முடுக்கி, பேட்டரி வயரை மாட்டி, எஞ்சினைக் கிளப்பினோம். பத்து நிமிடம் ஓடவிட்டார். சூட்டு முள் ஏறியது, நடுவுக்கு வந்தது, அங்கேயே நின்றது. துப்பாக்கியில் எண்பத்தாறு. பெட்ரோல் முள் கிட்டத்தட்ட அடியில் கிடந்தது. இன்னும் இரண்டு ஊர் தாண்டியிருந்தால் ரோட்டில் நின்றிருப்பேன். இரண்டு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்த வியாதிக்கு ஒரு துண்டு உப்புத்தாள்தான் மருந்து. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவர் கையைத் தட்டிவிட்டு ஆலைப் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார்.

"மணி பதினொண்ணாகப் போகுது. நான் போய் மணியடிக்கணும் மொதலாளி."

அந்த வாரத்தில் நாலாவது நாள். மணி அடித்தது. கேட்டுக்கு வெளியே நின்று கம்பி வழியாகப் பார்த்தேன். இத்தனை வருடம் ஆலை நடத்தியும் அந்தக் காட்சியை நான் நின்று பார்த்ததே இல்லை. ஷெட்டுகளிலிருந்து ஒவ்வொருவராக, உடம்பெல்லாம் மருந்தின் வெள்ளிநிறப் பொடியோடு வெளியே வந்தார்கள். முகம் கழுவினார்கள். ஒருத்தி இன்னொருத்தியை என்னவோ சொல்லிச் சீண்ட, எல்லோரும் சிரித்தார்கள். செருப்புகள் ஜோடி ஜோடியாகக் காணாமல் போயின. அவர் நின்று, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். கடைசி ஜோடியும் போனது. பதினாலு வாசலும் காலி. அன்று அந்த ஆலையில் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு முந்தின நாளும் ஒன்றும் நடக்கவில்லை. அவர் போர்மேனாக இருந்த அத்தனை வருடமும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததை நான் சாதாரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை ஒருவர் தினமும் உண்டாக்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அந்தக் கம்பி வழியாகப் பார்த்தபோதுதான் புரிந்தது.

அவர் நேரே என்னிடம் வந்தார். கையை நீட்டினார்.

"பையில இருக்கிறதக் குடுங்க மொதலாளி. எதுக்கு அதச் சொமந்துக்கிட்டு நிக்கிறீக?"

ஆபீஸில் ஒரு கடிதம் டைப் ஆனால் அது பிரிண்டரிலிருந்து வெளியே வருவதற்குள் ஆலைக்குச் செய்தி போய்விடும். எனக்கு அது மறந்துபோயிருந்தது. அவருக்குக் காலையிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் என் வண்டிக்கு அடியில் முதுகைப் போட்டிருக்கிறார். கடிதத்தை எடுத்தேன். நாலாகக் கிழித்தேன். "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றேன். எங்கள் வட்டாரத்தில் மொதலாளி வாயிலிருந்து அந்த வார்த்தை லேசில் வராது. எனக்கே அது யாரோ பேசுவது மாதிரி கேட்டது. அவர் பதறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தார்.

"என்ன மொதலாளி இது, வெயிலுக்குள்ள நின்னுக்கிட்டு... வண்டிய எடுங்க, சூடாயிரப்போகுது" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணன் குதித்தார். வேறொரு கடிதம் டைப் பண்ணி அவரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும், ஆனால் காலை பத்தரைக்குப் போய்ப் பன்னிரண்டு வரைக்கும் அங்கே நின்று பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும் என்றேன். போனார். என்ன பார்த்தாரோ, திரும்பி வந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. லோடு நாலு நாள் தாமதமாகப் போனது. வியாபாரி போனில் எங்கள் பரம்பரையையே இழுத்தார். அடுத்த வருடமும் அவரே ஆர்டர் கொடுத்தார்.

போர்மேனம்மா போன வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கடைசி நாள் மாலை, அவரை மல்லாங்கிணற்றில் அவர் வீட்டில் நானே என் வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேன். "எனக்கே லேசில் கிடைக்காத சீட்டு" என்று மனைவி பொய்க்கோபம் காட்டி, அவருக்கு ஒரு பட்டுச்சேலை கொடுத்தனுப்பினாள். ஆட்கள் எல்லோரும் போகிறவரைக்கும் அவர் வழக்கம்போல நின்றார். எண்ணி முடித்த பிறகு வந்தார். கூரையை மடக்கியிருந்தேன். கதவைத் திறந்துவிட்டேன். சிவப்பு நிறத்தில் பளபளத்த அந்த வண்டியை ஒரு நிமிடம் பார்த்தார். அதன் தகட்டில் உள்ளங்கையை வைத்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். காற்று முகத்தில் அடித்ததும் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

விருதுநகருக்குள் நுழைகிற நேரம். சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கால். முப்பது வருடப் பழக்கம். தகட்டைத் தொடுவதற்கு முன் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறியிருக்கிறார்.

"திருப்புங்க மொதலாளி" என்றார்.

நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம், வழியில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். திருப்பினேன். ஆலை கேட்டில் ஒருவரும் இல்லை. மாலை வெயிலில், வண்டி நின்றிருந்த இடத்தில், ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு ஒழுங்காகச் சேர்த்து வைத்தபடி கிடந்தது. அவர் இறங்கிப் போய் அதை மாட்டிக்கொண்டார். உடனே வரவில்லை. பதினாலு வாசலையும் கம்பி வழியாக மறுபடியும் ஒரு முறை பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு வந்து, செருப்போடு ஏறி உட்கார்ந்தார்.

இப்போது வேறு போர்மேன் வந்திருக்கிறார். நல்ல மனிதர்தான். இருந்தாலும் மணி அடிக்கிற நேரத்துக்கு நான் எங்கே இருந்தாலும் கேட்டுக்குப் போய் நின்றுவிடுகிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் வண்டி நிற்கும். எனக்கு அவர் மாதிரி வாய்க்குள் எண்ண வராது, விரல்விட்டுத்தான் எண்ணுகிறேன். கடைசி ஜோடியும் போன பிறகு வந்து வண்டியில் ஏறுவேன். டேஷ்போர்டுக்குப் பின்னால் கையைவிட்டு, அவர் சுரண்டிய இடத்தைத் தொடுவேன். சாவியைத் திருப்புவேன். முள் மெதுவாக ஏறி நடுவில் வந்து நிற்கும்.